ஸ்டார் ட்ரெக் என்சைக்ளோபீடியா: உங்களை இன்னும் விடாத ஒரு பக்கம் எது?

நட்சத்திரவாசி:
எனக்கு வுல்ஃப் 359. கையில் இருப்பது 1997 பதிப்பு. அந்த விண்வெளிப் போரில் போர்க் என்ற எதிரி இனம் ஒரே கனசதுரக் கப்பலை வைத்து 39 விண்கப்பல்களை அழித்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. அந்தக் கப்பல்களின் பெயர்களை இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்தேன். அவானி, புரான், ஃபயர்பிராண்ட், பிரின்ஸ்டன், செக்கோவ். பெயரைச் சொன்னால் எந்த வகுப்புக் கப்பல் என்று தூக்கத்திலும் சொல்வேன்.

ஒரு நாள் நண்பனை உட்கார வைத்து, அந்தப் போரைப் பற்றிய 'த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' எபிசோடின் இரண்டாம் பாகத்தைப் போட்டேன். சிதைந்த கப்பல்கள் மிதக்கும் காட்சி வந்ததும் நிறுத்தி, "இதோ புரான், அதோ ஃபயர்பிராண்ட்" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் எழுந்து வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். நானும் குனிந்தேன். கருகிய உலோகம், தீப்பொறி. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. அதில் வரும் அதிகாரி ஷெல்பி வாய்விட்டுச் சொல்வது டால்ஸ்டாய், க்யூஷு, மெல்போர்ன் என்ற மூன்றே மூன்று பெயர்கள். மற்றவற்றையும் எபிசோடில் பார்த்ததாகவே பல வருடம் நம்பியிருக்கிறேன்.

"சரி, மேலே ஓட்டு" என்றான். அதற்கு அப்புறம் ஸ்டார் ட்ரெக் பற்றி நான் எது சொன்னாலும், "இது எபிசோடில் இருக்கிறதா, உன் புத்தகத்தில் இருக்கிறதா?" என்று கேட்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் புத்தகத்தை இப்போதும் நேசிக்கிறேன். ஆனால் திரையில் தெரியாததைத் தெரிந்தது போல அச்சடித்தது சரிதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாம் பதிப்பு:
என்னுடையது 1999 பதிப்பு. அதாவது இரவல் வாங்கியது. வாயேஜர் தொடரில் வரும் செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டு நேராக எஸ் எழுத்துக்குப் போனேன். இல்லை. போர்க், வாயேஜர் என்று எங்கே தேடியும் அவள் வரவில்லை. 97 செப்டம்பரிலேயே கப்பலுக்கு வந்துவிட்டவள், 99-இல் வந்த புத்தகத்தில் எப்படி இல்லாமல் போவாள்? எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே திருப்பிக் கொடுத்து, "இதைப் போய்ப் பொக்கிஷம் என்கிறாயே, பாதிதான் இருக்கிறது" என்று கொடுத்தவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது.

பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய விஷயங்களை எல்லாம் தனியாக ஒரு பின்னிணைப்பாகக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிந்தது. ஏ முதல் இசட் வரை முடிந்த பிறகு மறுபடி ஏ தொடங்குகிறது. அவள் அங்கே இருந்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது.

கணினிக்குரல்:
காகிதப் புத்தகம் என் கைக்கு வந்ததே இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஆம்னிபீடியா, 1995-இல் வந்த சிடி. என்சைக்ளோபீடியாவும், கதை நிகழ்வுகளை ஆண்டுவாரியாகச் சொல்லும் க்ரானாலஜி புத்தகமும் சேர்ந்தது. மைக்கில் பேசினால் கேட்கும். பதில் சொல்வது மேஜல் பாரெட். எபிசோடுகளில் கப்பல் கணினியாகப் பேசுவாரே, அதே குரல்.

நானும் அண்ணனும் மாறி மாறிக் கூப்பிடுவோம், கேட்காது. உச்சரிப்பை மாற்றிப் பார்ப்போம், மூக்கால் பேசிப் பார்ப்போம். ஒரு நாள் பின்னால் நின்றுகொண்டிருந்த தங்கை, அப்போது அவளுக்கு ஏழு வயது, எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துச் சாதாரணமாக ஒரு தடவை சொன்னாள். உடனே பதில் வந்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கப்பல் தன்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி ஒரு பெருமை.

2008 டிசம்பரில் மேஜல் பாரெட் இறந்த செய்தி வந்த அன்று தங்கைதான் முதலில் போன் செய்தாள். "கணினி இறந்துபோய்விட்டது" என்றாள். வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். அந்த சிடி இப்போதைய கணினி எதிலும் ஓடுவதில்லை. இருந்தாலும் அதை நான் எறியவில்லை.

காலவரிசை:
நட்சத்திரவாசி, நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திரையில் தெரியாததால் அந்தப் பெயர்கள் கற்பனை என்று ஆகிவிடாது. என்சைக்ளோபீடியாவை எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் ஒகுடா வெளியில் இருந்து பார்த்து எழுதிய ரசிகர் இல்லை. நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் கலைப் பிரிவில் உட்கார்ந்து அந்தக் கணினித் திரைகளை எல்லாம் வரைந்தவர். அதனால்தான் அவற்றுக்கு ஒகுடாகிராம் என்றே பெயர் வந்தது. வுல்ஃப் 359 மாதிரிகளைப் பொம்மைக் கப்பல் கிட்டுகளின் துண்டுகளை ஒட்டித்தான் செய்தார்கள். அவானியின் வார்ப் நேசல்கள், அதாவது இன்ஜின் குழாய்கள், எதில் செய்தவை தெரியுமா? ஹைலைட்டர் பேனா. அந்த மாதிரிகளுக்குப் பெயரும் வைத்தார்கள். கேமரா அவ்வளவு நெருங்கிப் போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெயர்களை இந்தப் புத்தகம் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு அவை யாருக்குமே தெரிந்திருக்காது.

ஊகம் எது, உறுதி எது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சாய்வெழுத்தில் வரும் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். படப்பிடிப்பு பற்றிய விஷயங்களை அங்கே தனியாகப் பிரித்துச் சொல்லியிருப்பார்கள். நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் தாண்டிப் போனவன்தான். ரசிகர்கள் கூடி நடத்திய ஒரு வினாடி வினாவின் கடைசிக் கேள்வி, கதையில் வரும் விஞ்ஞானி ஸெஃப்ரம் காக்ரேன் முதலில் வார்ப் வேகத்தில், அதாவது ஒளியை மிஞ்சிய வேகத்தில், பறந்த ஆண்டு. நான் 2061 என்று அடித்துச் சொன்னேன். 1993-இல் வந்த க்ரானாலஜியில் அப்படித்தான் இருந்தது. கேள்வி கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு 2063 என்றார். 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' படம் 96-இலேயே வந்து, 2063 ஏப்ரல் 5 என்று நாளையே குறித்துவிட்டது. படம் பார்த்தவன்தான் நான். அப்படியும் புத்தகத்தில் படித்தது நாக்கில் முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்து முன்னுரையைத் திறந்தால், பல ஆண்டுகள் ஊகமாகக் கணக்கிட்டவை என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். முதல் தொடரின் கேப்டன் கிர்க்கின் ஐந்தாண்டுப் பயணமும் இப்படித்தான். 2269-இல் முடிந்ததாக க்ரானாலஜி கணக்குப் போட்டது. பிறகு வாயேஜரில் ஒரு வசனம் அதை 2270 ஆக்கியது. குறை புத்தகத்தில் இல்லை, அதற்கு அப்புறமும் கதை வளர்ந்துகொண்டே போனது.

நட்சத்திரவாசி:
காலவரிசை, நீங்கள் சொல்வது க்ரானாலஜி, நான் கேட்டது என்சைக்ளோபீடியா. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் வேறு வேறு. சரி, மாதிரிக் கப்பலில் எழுதியிருந்தால் போதும் என்றே வைத்துக்கொள்வோம். மெல்போர்னை என்ன செய்வீர்கள்? 'த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' எடுத்தபோது அந்தப் பெயர் நெபுலா வகை மாதிரி ஒன்றில் இருந்தது. 1993-இல் டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் முதல் எபிசோடில் அதே சண்டையைத் திரும்ப எடுத்தபோது எக்செல்சியர் வகைக் கப்பலில் இருந்தது. ஒரே போர், ஒரே பெயர், இரண்டு உருவம். ஒட்டியிருந்த எழுத்தே சாட்சி என்றால் இரண்டில் எது சாட்சி?

மூன்று கை:
இந்தச் சண்டையில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. திரையில் வந்ததுதான் அளவுகோல் என்றால் 1973, 74-இல் வந்த அனிமேஷன் தொடரும் திரையில் வந்ததுதானே? 22 எபிசோட். முதல் தொடரின் நடிகர்கள் ஷாட்னரும் நிமாயும் கெல்லியும் குரல் கொடுத்தவை. நான் ஸ்டார் ட்ரெக்குக்குள் வந்ததே அந்த வழியில்தான். என் முதல் நாயகன் அரெக்ஸ், மூன்று கையும் மூன்று காலும் உள்ள அதிகாரி. இந்தப் புத்தகம் முதல் தடவை கைக்கு வந்ததும் ஏ எழுத்தில் அவனைத்தான் தேடினேன். இல்லை. அதே தொடரில் வரும் ம்ரெஸ்ஸைத் தேடினேன், அவளும் இல்லை. அந்தத் தொடரைக் கணக்கில் எடுக்கவில்லை என்று முன்னுரையில் படித்தபோது, என் சின்ன வயதையே கணக்கில் எடுக்கவில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது.

கிர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோமே, அது எங்கே முதலில் வந்தது? அதே அனிமேஷன் தொடரில், 'பெம்' எபிசோடில். 1991-இல் ஆறாவது படத்தில் சொன்ன பிறகுதான் அதற்கு மரியாதை கிடைத்தது. காலவரிசை நண்பரே, ஹைலைட்டர் பேனாவில் செய்த கப்பலுக்குப் புத்தகத்தில் இடம் இருந்தது, அரெக்ஸுக்கு இல்லை. இது எப்படி நியாயம்?

அலமாரி:
2016-இல் வந்த இரண்டு தொகுதிப் பதிப்பு என்னிடம் இருக்கிறது. பெட்டியில் இருந்து முதல் தொகுதியை முதுகின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தேன், விளிம்பு கிழிந்தது. வாங்கிய முதல் நாளே. இவ்வளவுதான் என் கதை.

அதனால் சொல்கிறேன், கனமான புத்தகத்தை ஒருபோதும் மேல் விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்துப் புத்தகங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, முதுகின் நடுவில் இரண்டு பக்கமும் பிடித்து எடுங்கள். பெட்டியோடு வந்தது என்றால் பெட்டியைச் சாய்த்து, புத்தகம் தானாகக் கையில் சரியும்படி விடுங்கள். அலமாரியில் சாய்ந்து நிற்க விடக்கூடாது, பக்கங்களின் கனமே தைப்பைத் தளர்த்திவிடும். நிமிர்ந்து நிற்க இடம் இல்லாவிட்டால் படுக்க வைத்துவிடுங்கள், மேலே வேறு எதையும் அடுக்க வேண்டாம். வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம், முதுகுதான் முதலில் வெளுக்கும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுக்கும். பக்க அடையாளத்துக்கு ஒட்டும் சீட்டும் கூடாது, அதன் பசை பக்கத்திலேயே தங்கிவிடும். வெறும் காகிதத் துண்டு போதும். குறிப்பு எழுதினால் பென்சிலில் எழுதுங்கள், மூன்று கை கேட்ட மாதிரி கேள்விகளை ஓரத்தில் எழுதி வைக்க அது நல்லது.

இன்னொன்று. பார்க்காத தொடரைப் பற்றிய பதிவுகளைப் படிக்காதீர்கள். ஒரு கதாபாத்திரத்தின் பதிவு அவர் பிறப்பில் தொடங்கி இறப்பில்தான் முடியும்.

இரண்டாவது நிலா:
அலமாரி சொன்ன கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். இது ஸ்டார் வார்ஸ் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் வந்த மூன்று தொகுதி என்சைக்ளோபீடியா எங்கள் வீட்டில் இருக்கிறது. அக்கா மகன், ஹான் சோலோவின் தோழன் சூபக்காவைப் பற்றிய பக்கத்தைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் இருந்தேன். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் விரல் ஒரே வரியில் நிற்கிறது. செர்ன்பிடால் கோளின் மேல் அதன் நிலா விழும்போது ஹானின் மகனைக் காப்பாற்றிவிட்டு சூபக்கா இறந்துபோகிறான் இல்லையா, அந்த வரி. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நிஜமாகவா?" என்றான். "ஆமாம்" என்றேன். இரவு சாப்பிடவே இல்லை.

2014-இல் அவன் இறந்ததைச் சொன்ன அந்தப் பழைய நாவல்கள் எல்லாம், அதிகாரபூர்வக் கதையில் சேராத லெஜண்ட்ஸ் என்று ஒதுக்கப்பட்டன. 2015 படத்தில் சூபக்கா உயிரோடு வந்தான். தியேட்டரில் அக்கா மகன் என் கையைப் பிடித்து, "நீங்கள் இறந்துவிட்டான் என்று சொன்னீர்களே" என்றான். பதினோரு வயது. அவனுக்குப் புத்தகத்தின் மேல் கோபம் இல்லை, என் மேல்தான்.

மூன்றாம் பதிப்பு:
இரண்டாவது நிலா எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. புத்தகம் கொடுத்தவருக்கு இன்று காலையில் எழுதிவிட்டேன், செவன் கடைசிப் பக்கங்களில் இருக்கிறாள் என்று. "எனக்கு அப்போதே தெரியும், நீங்களே கண்டுபிடிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது.

நட்சத்திரவாசி:
நானும் நண்பனைக் கூப்பிட்டுப் பேசினேன். ஹைலைட்டர் பேனா விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் காட்சியை மறுபடி போடு" என்றான். சனிக்கிழமை வருகிறான். இரண்டு மெல்போர்னையும் அடுத்தடுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். புத்தகத்தையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.