சித்திரையில் கொத்தமல்லி: 10 பாத்தி விதைத்து 3 பாத்திதான் முளைத்தது

ஒன்றரை ஏக்கர்:
தொண்டாமுத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். தக்காளி 40 சென்ட், சின்ன வெங்காயம் 30, மீதியில் கத்தரி, பந்தலில் பாகல், வரப்போரம் 60 கறிவேப்பிலைச் செடி. 'இது விவசாயமா, மளிகைக் கடையா?' என்பார் மாமனார்.

விற்பது உழவர் சந்தையில். தக்காளியைத் தட்டில் அள்ளும்போதே 'மல்லித்தழை இல்லையா?' என்கிறார்கள். இல்லை என்றால் தக்காளியையும் கொட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். கோடையில் கட்டு நல்ல விலைக்குப் போகுமே என்று சித்திரை முதல் வாரம் 10 பாத்தி விதைத்தேன். மளிகைக் கடைத் தனியாதான், முழுசாகவே தூவினேன். முளைத்த 3 பாத்தியும் ஒரு சாண் வளர்வதற்குள் தண்டு நீண்டு, இலை நூலாக மெலிந்து, பூத்துவிட்டது. 15 கட்டுகூடத் தேறவில்லை.

இன்னொன்று, கறிவேப்பிலைக் கொழுந்து சுருள்கிறது, தொட்டால் பிசுபிசு. வீட்டில் புளித்த மோர் தெளித்தார்கள். நாய்தான் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கீரைக்கார அக்கா:
தம்பி, முழுத் தனியாவைத் தூவினால் இப்படித்தான். ஒரு மணிக்குள் இரண்டு விதை இருக்கு. சாக்கில் பரப்பி, பலகையை வைத்து லேசாகத் தேய்த்தால் இரண்டாக உடையும். உள்ளே பருப்பு நசுங்கக் கூடாது, கை பழகும் வரை ஒரு பிடி போட்டுப் பாருங்க. உடைத்ததை ராத்திரி ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி விதைக்கணும். விதைத்த மூன்றாம் நாள் விடுகிற உயிர்த்தண்ணீர் தவறக் கூடாது. சித்திரை வெயிலில் மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடும், முளை முட்ட முடியாது. மளிகைக் கடைச் சரக்கு எத்தனை மாசம் மூட்டையில் கிடந்ததோ! புதுசா வாங்குங்க.

பந்தல்காரர்:
சீக்கிரம் பூத்ததற்கு வெயில்தான் காரணம். பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டச் சொல்வார்கள். உங்களிடம் பாகல் பந்தல் இருக்கிறதே, அப்புறம் வலைக்கு எதற்குச் செலவு? கொடி ஓரளவு மூடியதும் அடியில் விதையுங்கள். ரொம்ப அடர்ந்துவிட்டால் மல்லி வெளுத்துப்போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், 10 பாத்தியை ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் 2 பாத்தி போதும். தழை 40 நாளில் பறிப்புக்கு வரும், எல்லாம் ஒன்றாக வந்தால் சந்தையில் யாரிடம் விற்பீர்கள்? தென்னை இருந்தால் நிழலில் புதினாத் தண்டு ஊன்றிவிடுங்கள். 2 மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு மாதா மாதம் அறுக்கலாம்.

வரப்போரம்:
கறிவேப்பிலைக் கொழுந்து சுருள்வதற்குக் காரணம் சைலிட் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியாக இருக்கும். கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள், மஞ்சள் நிறக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். எலுமிச்சையில் வரும் அதே பூச்சி, கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தானே. கிட்டத்தில் எலுமிச்சை இருக்கிறதா? சுருண்ட நுனியைக் கிள்ளி எரித்துவிட்டு, 10 லிட்டர் டேங்குக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கரைத்து சாயங்காலம் அடியுங்கள். மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் விஷத்தை அடிக்காதீர்கள். பறித்து அப்படியே ரசத்தில் போடுகிற இலை.

ஒன்றரை ஏக்கர்:
திருப்பிப் பார்த்தேன், அதேதான். எலுமிச்சையும் இருக்கிறது, வரப்பிலிருந்து நான்கே எட்டு. மாமனார் வைத்த மரம். வெட்டுவதற்கு எனக்கு தைரியமில்லை. சனிக்கிழமை பந்தலடியில் 2 பாத்தி, உடைத்த விதை. முளைத்ததும் எழுதுகிறேன்.

கீரைக்கார அக்கா:
எதுக்கு வெட்டணும்? வேப்பெண்ணெய் அடிக்கும்போது அந்த மரத்துக் கொழுந்துக்கும் சேர்த்து அடிங்க. மாமனாரையே டேங்கைப் பிடிக்கச் சொல்லுங்க.