தரம் 8, 9 பிள்ளைகள் வருவதில்லை: இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) பெயரை வெட்டலாமா?

மஸ்கெலியா டீச்சர்:
தேயிலைத் தோட்டப் பாடசாலை. தரம் 8, 9இல் சில ஆண்பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு நாள்தான் வருகிறார்கள். வருகிற நாளில் ஒரே குழப்படி. இரண்டு பேர் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்களாம். பெயரை வெட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

இடாப்பு:
வெட்டாதீர்கள் டீச்சர். 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 5–16; அதற்கு முன் 14 வரைதான். விடுகைப் பத்திரம் (பாடசாலையை விட்டு விலகும் சான்றிதழ்) எடுக்காத பிள்ளையை வெட்டினால் வரவுச் சதவீதம் அழகாகும், பிள்ளை எந்தக் கணக்கிலும் இருக்காது. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் வரவுக் குழு இருக்க வேண்டும் என்பது ஒழுங்குவிதி. பல இடங்களில் அது கடதாசியோடு சரி. ஒரே பாடசாலைக்கு இரண்டு மூன்று பிரிவுப் பிள்ளைகள் வந்தால் ஒரு ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) மற்றவரைக் கைகாட்டுவார். ஆகவே வராத பிள்ளைகளின் பட்டியலைத் தோட்ட டிவிஷன், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாரியாகப் பிரித்து, அதிபர் கையொப்பத்தோடு அந்தந்த ஜீ.எஸ்.க்கும் பிரதேச செயலகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பிரதி ஒன்று கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு.

கடை வேலை வேறு விஷயம். வேலைக்கமர்த்தல் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது குற்றம். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். பிறந்த திகதியும் கடை இருக்கும் இடமும் கையில் இல்லாவிட்டால் முறைப்பாடு நகராது.

வலப்பனை கணக்கு:
அதற்கு முன் ஒரு தவணை இடாப்பைக் கிழமை நாள் வாரியாக எண்ணிப் பாருங்கள். மழை நாளில் மேல் டிவிஷன் மொத்தமாக விழுந்தால் பாதைதான் பிரச்சினை. அக்கா மட்டும் அடிக்கடி விழுந்தால் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, பிள்ளைக் காம்பராவில் (தோட்டக் குழந்தை பராமரிப்பு நிலையத்தில்) எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். சம்பளத்துக்கு மறுநாளும் தேர்த்திருவிழாவன்றும் வரவு விழுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

பெற்றோரைக் காலையில் கூப்பிட்டால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும், யார் வருவார்? பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு கோவிலடியில் பேசுங்கள். இன்னொன்று: 7.30க்குக் கேற்றைப் பூட்டி, நடந்து வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பாடசாலை வரவுக் குறைவைத் தானே உண்டாக்குகிறது.

சோக்குத்தூள்:
குழப்படிக்குப் பிரம்பு எடுக்க வேண்டாம். கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையிலேயே தடை, பிறகு 12/2016 வந்தது. பிள்ளையைக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டக்கோவை 308அ (சிறுவர் கொடுமை) வரை போகலாம். உயர்தரத்துக்கு உள்ள 80% வரவு நிபந்தனையைச் சொல்லித் தரம் 8 பிள்ளையை மிரட்டியும் பயனில்லை.

பெரும்பாலும் வாசிப்புத்தான் காரணம். வகுப்பேற்றம் தானாக நடக்கிறது, வாசிப்பு தரம் 3இலேயே நிற்கிறது. கரும்பலகைக்குக் கூப்பிட்டதும் பக்கத்துப் பையனோடு சண்டை தொடங்கும்; அவமானத்தைவிட அது லேசு. தரம் 3 தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துத் தனியாகப் பத்து நிமிடம் வாசிக்கவிடுங்கள், எங்கே தடுக்குகிறது என்று தெரியும். பிறகு ஐந்தாறு பேராகத் தினமும் அரை மணித்தியாலம். அதைப் பாட நேரத்திலேயே வையுங்கள். பாடசாலை விட்ட பிறகு வைத்தால் தூர லயத்துப் பிள்ளை நிற்காது. காலைக்கூட்டத்தில் எழுப்பி "நேற்று எங்கே?" என்று கேட்டீர்களோ, நாளைக்கும் வராது.

மஸ்கெலியா டீச்சர்:
நன்றி. ஒரு பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை.

இடாப்பு:
அதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்த வேண்டாம். பிறந்து மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் எடுக்கலாம். பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவு அல்லது தோட்ட டிஸ்பென்சரிப் பதிவை முதலில் தேடச் சொல்லுங்கள். தாயின் பெயர் எழுத்து பாடசாலை அனுமதிப் பதிவிலும் தாயின் அடையாள அட்டையிலும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது அங்கேதான்.