ஏசி ‘கேஸ்’: குளிர்பாய்மம், நிரப்பெடை — கலைச்சொல் விவாதம்

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பழைய காரில் ஏசி சரியாகக் குளிராவிட்டால் எங்கே தொடங்கி எப்படித் தேடுவது என்று தமிழில் ஒரு பழுதுநீக்கக் கையேடு தயாராகி வருகிறது. உறுப்புகளின் பெயர்களில் பெரிய தடங்கல் இல்லை. கம்ப்ரசருக்கு அமுக்கி, கண்டன்சருக்கு ஒடுக்கி, எவாப்பரேட்டருக்கு ஆவியாக்கி என்று எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் பட்டறைச் சொல்லையும் சேர்த்துக் கொடுக்கிறோம். கண்டன்சரை ‘மின்தேக்கி’ என்று எழுதுவது மட்டும் ஒழிய வேண்டும். அது மின்சுற்றில் வரும் பொருள். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் அலுமினியத் தட்டிக்கும் அதற்கும் எந்த ஒட்டுறவும் இல்லை.

இடறுவது குழாய்க்குள் ஓடும் பொருளில்தான். ‘குளிரூட்டி’ என்று பலரும் எழுதுகிறார்கள். அதே சொல் முழு ஏசிக்கும் வழங்குகிறது, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டுக்கும் வழங்குகிறது. ‘குளிரூட்டி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்’ என்று எழுதினால், படிப்பவர் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைத்தான் பார்ப்பார்.

‘கேஸ்’ என்றே வைத்துக்கொள்ளலாமா, புதிதாக ஒன்று ஆக்கலாமா? ‘கேஸ் எவ்வளவு போடணும்’ என்பதில் உள்ள அந்த ‘எவ்வளவு’க்கும் ஒரு சொல் வேண்டும்.

மடல் 2

> ‘கேஸ்’ என்றே வைத்துக்கொள்ளலாமா

பேச்சில் இருக்கட்டும், கையேட்டில் வேண்டாம். ஆங்கிலச் சொல் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லே பழுது தேடுபவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது.

அமுக்கியிலிருந்து சூடான ஆவியாக வெளிவரும் பொருள் ஒடுக்கியில் வெப்பத்தை விட்டு நீர்மமாகிறது. விரிவு வால்வின் நுண்துளையைக் கடக்கும்போது அழுத்தம் இறங்கி, ஆவியாக்கிக்குள் போய் மறுபடி ஆவியாகிறது. கார் ஏசியில் இப்படிச் சுற்றும் ஆர்-134ஏ என்ற பொருள் ஒரு கிலோ 0 டிகிரியில் ஆவியாக ஏறத்தாழ 200 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. குளிர்ச்சி ஏறக்குறைய முழுவதும் இந்த நிலைமாற்றத்தில்தான் கிடைக்கிறது. போதிய நீர்மம் வந்து சேராவிட்டால் ஆவியாக்கியின் நுழைவாய்ப் பகுதி மட்டும் குளிரும், மீதியில் வெறும் ஆவி ஓடும். பல கார்களில் ஒரு ஓரத் துவாரத்தில் குளிர்ந்த காற்றும் மறு ஓரத்தில் வெதுவெதுப்பான காற்றும் வருவது இதனால்தான்.

‘கேஸ்’ என்றே நினைத்துப் பழகியவர், டயரில் காற்று பார்ப்பதுபோல் கேஜ் மாட்டி, ‘பிரஷர் இருக்கு, அப்போ கேஸ் இருக்கு’ என்று முடிவு கட்டிவிடுகிறார். இஞ்சினை நிறுத்தி, எல்லாம் 30 டிகிரிக்கு ஆறிய பிறகு ஆர்-134ஏ அமைப்பில் உயரழுத்தம், தாழ்வழுத்தம் காட்டும் இரண்டு முள்ளும் 97 பி.எஸ்.ஐ. அருகே நிற்கும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் 97, 300 கிராம் இருந்தாலும் 97. நீர்மமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. கடைசிச் சொட்டு நீர்மமும் ஆவியான பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். அப்படி இறங்கியிருந்தால் பெரும்பகுதி போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இறங்காவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று அந்த முள் சொல்லாது.

மடல் 3

> நீர்மமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை

ஐயா, சொல் இந்த வரியிலேயே இருக்கிறது. நீர்மம், வளிமம் இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாகப் பள்ளி இயற்பியலில் ‘பாய்மம்’ நெடுநாளாகப் புழங்குகிறது. குளிர்பாய்மம் என்று வைக்கலாமே? ‘கேஸ்’ மறைக்கிற நீர்மம் இதில் மறையாது.

மடல் 4

> குளிர்பாய்மம் என்று வைக்கலாமே

ஒரு தடை உண்டு. குளிர்பானம் என்றால் குளிர்ந்த பானம். குளிர்பாய்மம் என்றால் குளிர்ந்த பாய்மம் என்றுதான் காதில் விழும். அமுக்கியிலிருந்து ஒடுக்கிக்குப் போகும் குழாயில் அதே பொருள் 70, 80 டிகிரியில், கை வைக்க முடியாத சூட்டில் ஓடுகிறது. பெயரை நம்பி அந்தக் குழாயைப் பிடிப்பவர் கையைச் சுட்டுக்கொள்வார். ‘வெப்பமேந்தி’ போல் ஏதாவது பார்க்கலாமா?

மடல் 5

வெப்பத்தை ஏந்திச் செல்வதைக் கூலன்டும் செய்கிறது, அதனால் ‘வெப்பமேந்தி’ பிரித்துக் காட்டாது. குளிர்பானத்தை ஒப்பிடுவதைவிடக் குளிர்சாதனத்தை ஒப்பிடுங்கள். குளிர்சாதனம் குளிர்ந்த சாதனம் என்று யாரும் கொள்வதில்லை. குளிருக்கான சாதனம், அதன் பின்பக்கம் சுடும். குளிர்பாய்மமும் அப்படியே குளிருக்கான பாய்மம். சூடான குழாயைப் பற்றிய எச்சரிக்கையைக் கையேட்டில் தனியாகத் தடித்த எழுத்தில் போடுவோம். அந்த வேலையைச் சொல்லின் தலையில் கட்ட வேண்டாம்.

கூலன்டுக்குத் ‘தணிநீர்மம்’ என்று முன்மொழிகிறேன். அது நீர்மமாகவே சுற்றி நீர்மமாகவே திரும்புகிறது. முதல் எழுத்திலேயே வேறுபடுவதால் வேகமாகப் படிப்பவருக்கும் குழப்பம் வராது.

அடுத்து அந்த ‘எவ்வளவு’. ‘நிரப்பளவு’ என்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் அழுத்தமும் ஓர் அளவுதான், லிட்டரும் ஓர் அளவுதான். இங்கே தராசு சொல்வது மட்டுமே செல்லும். ஆகவே நிரப்பெடை. சிறிய கார்களில் பெரும்பாலும் 400 முதல் 600 கிராமுக்குள் இருக்கும். சரியான எண் பானெட்டின் உட்புறத்திலோ முன்சட்டத்திலோ ஒட்டிய தாளில் அச்சாகியிருக்கும். தாள் கிழிந்திருந்தால் அந்த மாடலுக்குரிய சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். அடுத்த வண்டியின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

பழைய அமைப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ரப்பர் குழாய்ச் சுவர் வழியாகவும் அமுக்கியின் தண்டுச் சீல் வழியாகவும் ஆண்டுக்குப் பத்து இருபது கிராம் கசிவது இயல்பு. தெரியாத மிச்சத்தின் மேல் ‘கொஞ்சம் டாப் அப்’ செய்தால் வருவது தெரியாத மொத்தம். எனவே மீட்பு இயந்திரத்தால் உள்ளதை முழுவதும் இழுத்து எடை பார்க்க வேண்டும். அந்த எடையே நல்ல தடயம். நிரப்பெடை 500 இருக்கும் வண்டியில் பல ஆண்டுக்குப் பிறகு 420 வந்தால் மெல்லிய கசிவு. போன ஆண்டு நிரப்பிய வண்டியில் 150 வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடைக்காமல் ஏற்றுவது வீண். காற்றில் திறந்துவிடவும் கூடாது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குகிறது.

கசிவு தேடும்போது ‘வாக்கும் (வெற்றிடம்) பிடிச்சு நிக்குது’ என்பதை மட்டும் நம்ப வேண்டாம். வெற்றிடத்தில் வெளிக்காற்று, இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கை உள்நோக்கித் தள்ளுகிறது, ஓடும்போது அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது. ஒரு திசையில் மூடுகிற ஓரிங் மறுதிசையில் திறக்கலாம். உலர்ந்த நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வையுங்கள். பட்டறைக் காற்றுக் கம்ப்ரசரின் காற்றோ ஆக்சிஜனோ அந்த இடத்தில் கூடவே கூடாது. அமைப்பின் எண்ணெய் குளிர்பாய்மத்தோடு கலந்தே சுற்றுவதால் ஓட்டை வழியாக அதுவும் வெளிவரும். ஒடுக்கியின் மூலையிலோ குழாய் மடிப்பிலோ பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, கறுத்த திட்டாக இருந்தால் முதல் நுரை அங்கே.

பிறகு ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியை மாற்றி, குறைந்தது 30 நிமிடம் வெற்றிடம். இது காற்றுக்காக மட்டும் செய்வதில்லை, ஈரத்துக்காகவும்தான். 25 டிகிரியில் தண்ணீர் கொதித்து வெளியேற அழுத்தம் 32 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் விரிவு வால்வின் துளையில் உறைந்துவிடும். ஏசி கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, சட்டென்று நின்று, அணைத்து வைத்தால் மறுபடி வேலை செய்யும். அந்தக் குறி தெரிந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

இஞ்சினை ஓடவிட்டு ஏற்றுவதானால் தாழ்வழுத்தப் பக்கம் மட்டும், உருளையை நிமிர்த்தி வைத்து, தராசின் மேல். தலைகீழாகக் கவிழ்த்தால் நீர்மம் நேரே அமுக்கிக்குப் போய் அதன் வால்வுத் தகட்டை உடைக்கும். ஓடும்போது உயரழுத்த நிப்பிளைச் சிறு குப்பியோடு இணைத்தால் குப்பி வெடிக்கலாம். தெறித்த நீர்மம் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது.

மடல் 6

இரண்டு சொல்லையும் ஏற்கிறேன். ‘குறைநிரப்பு’, ‘மிகைநிரப்பு’ என்ற இணையும் இவற்றிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நல்ல சொல் கிடைத்த பிறகு கையேடு முழுவதும் நிரப்பெடையைச் சுற்றியே வளைய வந்தால், பழையபடி ‘கேஸ் போடு’ என்பதே புதுத் தமிழில் திரும்பி வரும். கேஜ் மாட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் துவாரத்தில் காற்று குளிராகத்தான் வரும், ஆனால் வேகமே இருக்காது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடானால் ஒடுக்கியின் முன் காற்றோட்டம் இல்லை. ஃபேன் சுழல்கிறதா, இரண்டாம் வேகம் வருகிறதா, ஒடுக்கிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் பூச்சியும் அடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒடுக்கியின் மேல் தண்ணீர் தெளித்ததும் உயரழுத்த முள் சடாரென இறங்கிக் குளிர்ச்சி கூடினால் முதலில் ஃபேனையும் அந்த அடைப்பையும் கவனியுங்கள்.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் அமுக்கியின் கிளட்ச் விட்டுவிட்டால், தட்டுக்கும் புல்லிக்கும் இடையே தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். கிளட்சின் மின்காந்தச் சுருள் (காயில்) சூடாக ஆக அதன் மின்தடை ஏறி, இழுவிசை குறைகிறது. அகன்ற இடைவெளியை அதனால் தாண்ட முடிவதில்லை. பல கிளட்சுகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு மெல்லிய வாஷரை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தப் பழுதுக்காக முழு அமுக்கியை மாற்றுவது வீண்செலவு.

ஆவியாக்கியிலிருந்து வரும் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கிறது, உள்ளே காற்று மட்டும் வெதுவெதுப்பு. அப்படியானால் ஹீட்டர் பக்கக் கதவு முழுதாக மூடவில்லை. தணிநீர்மம் ஹீட்டருக்குப் போகும் குழாயைச் சிறிது நேரம் கிளாம்ப் போட்டு நெரித்ததும் காற்று குளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றால் கேஜ். இஞ்சின் 1500 சுற்றில், வெளியே 30 டிகிரி அளவில், தாழ்பக்கம் ஏறத்தாழ 30 முதல் 40, உயர்பக்கம் 170 முதல் 220 பி.எஸ்.ஐ. இரண்டும் தாழ்ந்தால், கிளட்ச் சில விநாடிக்கொரு தரம் ‘டக் டக்’ என்று விட்டுவிட்டுப் பிடித்தால், குறைநிரப்பு. தாழ்பக்கம் வெற்றிடம் வரை இறங்கினால் விரிவு வால்விலோ உலர்த்தியிலோ அடைப்பு. தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கினால் அமுக்கி தேய்ந்துவிட்டது, எத்தனை கிராம் ஏற்றினாலும் தேறாது. இரண்டும் ஏறினால், ஃபேன் நன்றாக இருக்கும் பட்சத்தில், மிகைநிரப்பு அல்லது உள்ளே காற்று.

காற்றைக் கண்டுபிடிக்க, இரண்டாம் மடலில் வந்த நின்ற நிலை அழுத்தமே உதவும். 30 டிகிரியில் 97 காட்ட வேண்டிய முள் 115, 120 காட்டினால், ஒடுக்கியில் நீர்மமாகாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. இதற்கு ‘ஒடுங்கா வளி’ என்று எழுதலாம். சரியாக வெற்றிடம் பிடிக்காமல் ஏற்றிய வண்டிகளில் இது இருக்கும்.

மடல் 7

முன்மொழிந்த சொற்கள் கையேட்டில் சேர்கின்றன. முதல் இரண்டின் பதிவு வரைவு:

குளிர்பாய்மம் (பட்டறை வழக்கு: கேஸ்): ஆவியாக்கியில் ஆவியாகியும் ஒடுக்கியில் நீர்மமாகியும் சுற்றி, வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கொண்டுபோகும் பொருள்.

நிரப்பெடை: ஓர் ஏசி அமைப்பில் இருக்க வேண்டிய குளிர்பாய்மத்தின் எடை, கிராமில்.

மடல் 8

நிரப்பெடைப் பதிவில் இரண்டு திருத்தம். 1990-களின் தொடக்கம் வரை வந்த கார்களில் ஆர்-12 என்ற பழைய குளிர்பாய்மம் இருந்தது. அவற்றுள் பல பின்னர் ஆர்-134ஏ-வுக்கு மாற்றப்பட்டவை. தாளில் உள்ள எடை ஆர்-12-க்கு உரியது. மாற்றிய வண்டியில் பொதுவாக அதில் 80 முதல் 90 விழுக்காடு மட்டுமே ஏற்ற வேண்டும், முழு எடையையும் ஏற்றினால் மிகைநிரப்பு. எனவே ‘குறிப்பிட்ட ஒரு குளிர்பாய்மத்துக்கு’ என்று சேருங்கள்.

அடுத்தது எண்ணெய். அது குளிர்பாய்மத்தோடு சுற்றினாலும் நிரப்பெடையில் சேராது, மில்லிலிட்டரில் தனியே அளந்து ஊற்றுவது. மீட்பு இயந்திரம் பிரித்தெடுத்த எண்ணெய் எவ்வளவோ அதே அளவு, அதே தரத்தில் புதிதாகத் திரும்பப் போக வேண்டும். இதையும் பதிவில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். குளிர்பாய்மத்தைச் சரியாக நிறுத்து ஏற்றிவிட்டு எண்ணெயை மறந்த அமுக்கிகள் சீக்கிரம் இறுகிப்போகின்றன.