டிஸ்மல் எண்ட சொல் எங்க இருந்து வந்தது?

வன்னிக்காரி:
கிளிநொச்சியில ஏஎல் (உயர்தர) பிள்ளையளுக்கு இங்கிலீஸ் படிப்பிக்கிறன். நேற்று பாடத்தில டிஸ்மல் (dismal) எண்ட சொல் வந்துது, விடிஞ்சதில இருந்து வெளியில மப்பும் மந்தாரமுமாக் கிடந்ததால அதைக் காட்டி இதுதான் டிஸ்மல் எண்டு சொல்லிப்போட்டன். அப்ப ஒரு பிள்ளை, ரிசல்ட் மோசமெண்டாலும் டிஸ்மல் எண்டுதானே எழுதுறாங்கள், அது எப்பிடி எண்டு கேட்டுது. எனக்கு வடிவாச் சொல்லத் தெரியேல்ல. ஆராவது விளங்கப்படுத்துவியளோ?

குளத்தடியான்:
ரீச்சர், அது முதல்ல நாளைக் குறிச்ச சொல். லத்தீன்ல தியேஸ் மாலி எண்டா கெட்ட நாள்கள், அது பழைய பிரெஞ்சு வழியா டிஸ் மால் எண்டு இங்கிலாந்துக்கு வந்தது. அந்தக்காலத்து ஐரோப்பாக் கலண்டர்ல மாசத்துக்கு 2 நாள், வருசத்துக்கு 24 நாள் ஆகாத நாள் எண்டு குறிச்சு வச்சிருந்தவை, ஜனவரியில 1ம் 25ம். எகிப்து நாள் எண்டும் சொல்லுறது, எகிப்துச் சோதிடர் கணிச்சது எண்டு ஒரு நம்பிக்கை. அண்டைக்கு வைத்தியத்துக்கு ரத்தம் எடுக்கவும் பயப்பிட்டவை.

எங்கட கரிநாள்தான் இது! அதுவும் மாசத்தில இன்ன தேதி எண்டு நிலையா வாறதுதானே. எங்கட அப்பு பஞ்சாங்கத்தைக் கூரை வளையில சொருகி வச்சிருப்பார், காலபோகத்துக்கு மழை பெய்து நிலம் பதமாக் கிடந்தாலும் கரிநாள் எண்டா விதைநெல்லுச் சாக்கின்ர வாயை அவிழ்க்க விடமாட்டார்.

மாங்குளத்தாள்:
தம்பி சொன்னது சரி. பிறகு சனம் சொல்லுக்குள்ளயே நாள் இருக்கிறதை மறந்து, பின்னால டே எண்டதையும் சேர்த்து டிஸ்மல் டே எண்டு சொல்லத் தொடங்கிச்சுது, கெட்ட நாள் நாள் எண்ட மாதிரி. அப்பிடித்தான் அது பெயரடையாப் போய் இருட்டுக்கும் சோகத்துக்கும் எல்லாத்துக்கும் வந்தது. 1849ல தோமஸ் கார்லைல் எண்ட ஸ்கொட்லாந்து எழுத்தாளர் பொருளாதாரத்தையே டிஸ்மல் சயன்ஸ் எண்டு எழுதினவர்.

ரிசல்டுக்கு படுமோசம் எண்டு சொல்லுங்கோ ரீச்சர். ஆனா மப்பு மந்தாரத்தைக் காட்டினதுதான் எனக்குப் பிடிக்கேல்ல. விதைச்சுப்போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிற எங்களுக்கு மப்புப் போட்டா மனம் குளிரும், அதைப்போய் சோகமெண்டு பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ.

வன்னிக்காரி:
உண்மைதான் அக்கா, யோசிக்காமச் சொல்லிப்போட்டன். இப்பதான் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தன், அம்மா கரிநாளுக்கெல்லாம் சிவத்தப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கிறா. நாளைக்கு வகுப்புக்கு இதைத்தான் கொண்டுபோறன்.