கேஷ் நம்ம காசுதானா?

வைகைக்கரையான்:
கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். 'கேஷ்' நம்ம காசிலிருந்து போனது என்றால் மட்டும் ஏன் இழுக்கிறார்கள்? ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடிவிட்டார். சிவன் கொடுத்த காசுக்குக் கடைத்தெருவில் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்களாம், அதற்குத்தான் அந்தப் பாட்டு. அப்போது ஆங்கிலமே தவழ்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கல்லாப்பெட்டி:
அண்ணே, காசு பழைய சொல் என்பதற்கு அது சான்று. கேஷ் அதிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. கேஷ் வந்த வழி இது: லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியனில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்'. 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. போகப்போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது.

வைகைக்கரையான்:
பெட்டி எப்படித் தம்பி பணமாகும்? கதை விடாதீர்கள்.

கல்லாப்பெட்டி:
என் பெயரைப் பாருங்கள்! அப்பாவின் மளிகைக்கடையில் கல்லா என்பது மூடியில் பிளவு வைத்த மரப்பெட்டி. இன்று 'படம் நல்லா கல்லா கட்டியது' என்கிறோமே, அங்கே பெட்டியா இருக்கிறது? தேர்தல் நேரத்தில் 'பெட்டி கைமாறிவிட்டது' என்றால் யாராவது மரச்சாமான் என்றா நினைக்கிறார்கள்? நாம் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். சூட்கேஸில் இருக்கும் 'கேஸ்'கூட அதே காப்ஸாதான். சூட்கேஸ் நிறையக் கேஷ் என்றால் ஒரே வேர் இரண்டு தடவை. (கோர்ட் கேஸ் வேறு வேர், அதை இதில் சேர்க்காதீர்கள்.)

வைகைக்கரையான்:
போர்ச்சுகீசியர் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போய் ஐரோப்பாவில் பரப்பியிருக்கலாமே?

கல்லாப்பெட்டி:
1494இல் வெனிஸில் லூக்கா பாச்சோலியின் கணக்குப் புத்தகம் அச்சாகிவிட்டது. ரொக்கக் கணக்குக்கு அதில் 'காஸ்ஸா' என்றுதான் பெயர். வாஸ்கோ ட காமா வந்து இறங்குவதற்கு நாலு வருஷம் முன்னால்!

செப்புக்காசு:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொல் இருக்கிறது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

என்னிடம் 1808 என்று போட்ட செப்பு நாணயம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. அந்த ஓரம் என் தாத்தா விரல் பட்டே தேய்ந்துவிட்டது. இங்கே கேஷ் என்பது ரொக்கம் அல்ல, ஒரு நாணயத்தின் பெயர். மதராஸில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் (இரண்டும் அன்றைய நாணயங்கள்). ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818இல் ரூபாய்க் கணக்கு வந்ததும் இது போய்விட்டது. இந்தக் கேஷ் நம்ம காசுதான். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. கூடவே வடமொழியில் ஓர் எடையைக் குறிக்கும் கர்ஷத்தோடும் ஒரு முடிச்சுப் போடுகிறது, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

புதுகை மீனா:
அப்புறம் ஏன் சார் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது? தற்செயலா?

செப்புக்காசு:
பாதி தற்செயல்தான் மீனா. காசு என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆயிற்று. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் காய்ஷா என்றுதான் பேர், அதுவும் காப்ஸா வழி வந்ததே. பழகிய சொல்லின் சட்டையைப் புதுச்சொல்லுக்கு மாட்டிவிட்டார்கள். அங்கிருந்து ஆங்கிலேயன் கேட்டு எழுதியபோது, அவனிடம் ஏற்கெனவே இருந்த கேஷோடு போய் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசு இருக்கிறதே, அதையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை. நம்ம ஊர்ச் சொல்லைப் போர்ச்சுகீசியர் கிழக்கே கொண்டுபோய் ஒட்டிவிட்ட பெயர் அது.

வைகைக்கரையான்:
ஆக, ஏடிஎம்மில் எடுப்பது நம்முடையது இல்லை என்கிறீர்கள்.

கல்லாப்பெட்டி:
இல்லவே இல்லை அண்ணே. என் கணக்கில் எப்படியும் மாசம் 10 தேதிக்கு மேல் ஒன்றும் இருக்காது.

வைகைக்கரையான்:
சரி, சம்பந்தரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சீனாக்காரன் காசு நம்முடையது. அதை விடமாட்டேன்.

கல்லாப்பெட்டி:
அதை யார் கேட்டது? தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.