முறுக்கு வியாபாரத்துக்கு எந்த இணைய முகவரி: டாட் காம் டாட் மை, டாட் மை, டாட் ஷாப்?

லயத்துமுறுக்கு:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி போட்டு விற்கிறோம். எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு உண்டு. தீபாவளி ஆர்டரை வாட்ஸ்அப்பில் சமாளிக்க முடியவில்லை, அதான் இணையத்தளம். நினைத்த பெயரில் டாட் காம் போய்விட்டது. திறந்தால் 'விற்பனைக்கு' என்று மட்டும் வருகிறது. டாட் காம் டாட் மை, டாட் மை, டாட் ஷாப் மூன்றும் காலியாக இருக்கின்றன. டாட் ஷாப் முதல் வருடம் 9 ரிங்கிட்தான். டின் ஸ்டிக்கர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. எதை எடுக்கலாம்? டாட் மலேசியா என்று தமிழிலேயே கிடைக்குமா?

பால்மரம்:
அந்த 9 ரிங்கிட்டை விடுங்கள், அதே பக்கத்தில் 'புதுப்பிப்பு' விலை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டாட் ஷாப், டாட் ஆன்லைன் மாதிரி புது விகுதிகளில் இரண்டாம் வருடம் பெரும்பாலும் பல மடங்கு ஏறும். கூகுளில் 'ஷாப்' என்ற சொல்லுக்காக மேலே வருவதும் கிடையாது. டாட் மை என்றால் மலேசியத் தளம் என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். ஈப்போ, கோலாலம்பூர் ஆர்டருக்கு அது நல்லது.

தமிழில் டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா, டாட் இலங்கை உண்டு. நமக்கு ஜாவி எழுத்தில் (மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறை) மட்டும்தான் இருக்கிறது.

லயத்துமுறுக்கு:
புதுப்பிப்பு 160 ரிங்கிட் அண்ணே! சரி, டாட் மையா, டாட் காம் டாட் மையா? பெயரோடு ஊர்ப்பெயர் 'சிப்புட்' சேர்த்தால் டாட் காமும் கிடைக்கிறது.

கித்தாத்தோப்பு:
தம்பி, 'சிப்புட்' வேண்டாம். மலாயில் 'குயே சிப்புட்' என்றே சங்கு வடிவப் பலகாரம் ஒன்று இருக்கிறது. தேடுகிறவர்களுக்கு அதுதான் வந்து நிற்கும்.

அதைவிட எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். நாம் முறுக்குக்கு இரண்டு 'கே' போடுவோம். மலாய்க்காரர்கள் ஒரு 'கே' போட்டுத்தான் தேடுவார்கள். ஸ்டிக்கரில் ஒற்றை 'கே' போடுங்கள், இரட்டை 'கே'யையும் வாங்கி அதற்குத் திருப்பிவிடுங்கள். இடைக்கோடு வேண்டவே வேண்டாம், தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

என் கருத்து டாட் காம் டாட் மை. அதற்கு எஸ்.எஸ்.எம். பதிவு கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. வாங்குகிறவர்களும் பதிவான வியாபாரம் என்று நம்புவார்கள். ஒரு ஆபத்து: சிலர் கடைசி 'மை'யை விட்டுவிட்டு டாட் காமுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அந்த டாட் காமில் வேறு பலகாரக் கடை நடந்தால் பெயரையே மாற்றச் சொல்லியிருப்பேன். வெறும் விற்பனைப் பலகைதான் என்றால் பயமில்லை. ஆர்டரை மின்னஞ்சலில் வாங்காமல் படிவத்தில் வாங்குங்கள்.

பால்மரம்:
ஒத்துக்கொள்கிறேன். டாட் மையையும் சேர்த்து எடுத்து 301 திருப்பம் (வருகிறவரை நிரந்தரமாக முதன்மை முகவரிக்கு அனுப்புவது) போட்டுவிடுங்கள். தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழில் எல்லாப் பெயரும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், திருப்பம் வேலை செய்வதற்கு முன்பே உலாவி 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பாகக் காட்டும்; ஆள் ஓடிவிடுவார்.

பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும், தளம் செய்து கொடுப்பவர் பெயரில் வேண்டாம். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் (இணையப் பெயரில்) இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும், நினைவூட்டல் கைக்கு வராது.

லயத்துமுறுக்கு:
ஒற்றை 'கே', இரட்டை 'கே' டாட் காம் டாட் மை, அதோடு டாட் மை, மூன்றும் எடுத்தாச்சு. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டால் திறக்கிறது, போடாவிட்டால் 'தளம் கிடைக்கவில்லை' என்கிறது. ஸ்டிக்கரில் டபிள்யூ இல்லாமல்தான் அடிக்கிறோம்.

கித்தாத்தோப்பு:
டி.என்.எஸ். பக்கத்தில் (எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடம்) 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ'வுக்கு மட்டும் பதிவு இருக்கும். பெயர்க் கட்டத்தில் '@' (டபிள்யூ இல்லாத வெற்றுப் பெயர்) போட்டு, 'ஏ' வகை தேர்ந்தெடுத்து, சர்வர் ஐ.பி. எண்ணைக் கொடுங்கள். அங்கே சி-நேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) போடாதீர்கள், வெற்றுப் பெயருக்கு அது ஆகாது, மின்னஞ்சல் பதிவோடு மோதும். டி.டி.எல். (பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம், வினாடியில்) 3600 என்றால் ஒரு மணி நேரம் வரை பழையதே தெரியலாம். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்த பிறகு ஸ்டிக்கரை அச்சுக்குக் கொடுங்கள்.

லயத்துமுறுக்கு:
'@' வரியே இல்லை அண்ணே. சேர்த்தேன், இருபது நிமிடத்தில் திறந்துவிட்டது. மிக்க நன்றி.