மிஷின் எம்ப்ராய்டரி அக்கா குவில்ட் தைத்தபோது

எங்கள் தெருவில் ஜாக்கெட்டுக்கு மிஷின் எம்ப்ராய்டரி போட்டுக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்பான குவில்ட் தைக்கப் பழக வேண்டும் என்று என்னிடம் வந்தார். புதியவர்கள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன்: முதலில் வாக்கிங் ஃபுட் மாட்டி, நேர்க்கோடு மட்டும் போடுங்கள். ஃபுட் என்பது துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாகம். சாதாரண ஃபுட் இருந்தால், ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் மிஷினின் பல் அடித்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கிவிடும். வாக்கிங் ஃபுட்டுக்கும் பல் உண்டு என்பதால் எல்லாத் துணியும் சேர்ந்தே நகரும். தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 14ஆம் நம்பர்.

குஷன் கவர் அளவில் ஒன்றை முடித்ததுமே, "பூப் போடறது எப்போ கண்ணு?" என்று கேட்டார்.

பூ, கொடி, சுருள் எல்லாம் ஃப்ரீ மோஷனில் வருபவை. பல்லை இறக்கிவிட்டுத் துணியை நாமே நகர்த்த வேண்டும். மிஷின் வேகமாக ஓடி, கை மெதுவாக நகர்ந்தால் பொடித் தையல் விழும். கை முந்தினால் தையல் நீண்டுவிடும். பலர் திணறும் இடம் இது. அக்கா திணறவே இல்லை. கால் மிஷினில் பல்லை பிளேட் போட்டு மூடி, ஃபுட்டைக் கழற்றிவிட்டு, வளையத்தில் பூட்டிய துணியைக் கையால் ஓட்டி ஓட்டிப் பூ வரைவதுதானே அவர் தொழிலே! வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து மலைத்துப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் ஊர் எம்ப்ராய்டரிக்காரர்களின் கையில் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. எம்ப்ராய்டரியில் வளையம் துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். குவில்டில் வளையம் இல்லாததால், ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும், தையல் விட்டுப்போகும். அதைத் தடுக்க, துணியை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் வேண்டும். எந்த ஃபுட் போட்டாலும் அதைத் தூக்கி இறக்கும் லீவரை இறக்கிவிட்டே தொடங்குங்கள். லீவர் மேலேயே இருந்தால் மேல்நூலில் இறுக்கம் இருக்காது, அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும்.

அக்காவுக்குப் பொறுமை போனது, தைக்கும் முன் மூன்று அடுக்கையும் சேர்த்து சேஃப்டி பின் குத்துவதில்தான். ஆனால் குவில்டின் தலையெழுத்தே அங்கே இருக்கிறது என்பேன். அடித்துணியை நான்கு பக்கமும் மேல்துணியைவிட 2, 3 அங்குலம் பெரிதாக வெட்டி, தரையில் சுருக்கமில்லாமல் விரித்து டேப் ஒட்ட வேண்டும். அதன்மேல் நடு அடுக்கு, அப்புறம் மேல்துணி. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஓர் உள்ளங்கை இடைவெளியில் சேஃப்டி பின். தைப்பதும் அதே வரிசையில் நடுவிலிருந்துதான். பின்பக்கம் மடிப்பு விழுந்த குவில்டை யாராவது கொண்டுவந்தால், எத்தனை பின் குத்தினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நடு அடுக்குக்குப் பஞ்சுபோல் உப்பிய பாலியஸ்டர் ஷீட் புதியவர்களுக்கு வேண்டாம், அது வழுக்கும். ஃப்ளானல் துணியோ, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் போர்வையோ நகராமல் நிற்கும். நம் வெயிலுக்கும் அதுதான் சரி.

"கையால தைச்சாத்தான் குவில்ட்" என்று யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அமெரிக்காவில் பதுகா நகரில் நடந்த அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி கண்காட்சியில், 1989லேயே கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற குவில்ட் கலைஞர் மிஷினில் தைத்த குவில்டுக்குத்தான் முதலிடம் கிடைத்தது. அந்த வாதம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

இப்போது அக்கா கட்டில் அளவுக்கு ஒன்று ஆரம்பித்திருக்கிறார். இதில் பாரம்தான் பிரச்சினை. துணி மேசையிலிருந்து தொங்கினால் அந்த இழுப்பில் ஊசி வளையும், தையலும் கோணும். மிஷினுக்கு இடப்புறம் ஒரு மேசையும் பின்னால் ஒரு பெஞ்சும் போட்டு, மொத்தத் துணியையும் அவற்றின்மேல் ஏற்றி வைத்துத் தைக்கிறார். ரப்பர் புள்ளி வைத்த கையுறையும் போட்டுக்கொள்கிறார், துணி கைக்குள் வழுக்காது.